பச்சையின் பண்பு

நிறம் கண்ணுக்குப் புலனாவது. பண்பு கருத்துக்குப் புலனாவது. இவை தம்முள் வேறெனினும் மக்கள் வழக்கிற் பிரிந்து நிற்பதில்லை. ஒரு நிறத்தின் பெயரைச் சொன்ன அளவிலே ஒரு குணமும் உடனெழுந்து வருகின்றது. தமிழர் இதனை மிகப் பழைய காலத்திலேயே அறிந்திருந்தனர். கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களும் வெகுளியை உணர்த்தும் என்றும், அவை நிறத்தை உணர்த்தவும் உரியன என்றும் தொல்காப்பியர் உரியியலிற் கூறுகின்றார். ஈண்டு அவர் வைத்த முறையே நோக்கற்பாலது. உணர்ச்சி முன்னும் நிறம் பின்னுமாக அவை நிற்கின்றன. நிறமே முதற்பொருள், உணர்ச்சி அதன்மேற் பூசப்பட்ட மெருகு என்று கொள்ளும் கருத்துக்கு அவ்வைப்புமுறை இடந்தரவில்லை.

கறுப்புக்கும் சிவப்புக்கும் இவ்வாறு விதி வகுத்த ஆசிரியர் பச்சைக்கு அத்தகைய விதியொன்றும் செய்திலர். ஆயினும் தமிழில் நிறப்பெயர்களுள் மிகப் பல பொருள்களைத் தன்னுள் அடக்கி நிற்பது பச்சையே. அப்பொருள்கள் ஒன்றோடொன்று முரணுவனபோலத் தோன்றுகின்றன. வளமும் பச்சை, பக்குவமின்மையும் பச்சை. தெய்வத்தின் திருமேனியும் பச்சை. காதலனைப் பிரிந்தவள் மேனியிற் படரும் நோயும் அச்சொல்லின் இனமே. இம்முரண்களின் அடியில் ஒருமையொன்று உண்டா என்பது ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சி சொல்லாராய்ச்சி அளவில் நின்றுவிடுவதன்று. ஈழத்து மலைநாட்டிலே, தேயிலையின் பசுமைக்கு நடுவே எழுந்த தமிழிலக்கியத்தை எவ்வாறு படித்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு விடை அதன்வழியே கிடைக்கின்றது. மலைநாட்டைப் பற்றிய நூல் என்றால் அதில் மலையழகு விரித்துரைக்கப்பட்டிருக்கும் என்று எதிர்பார்த்துச் செல்லும் வாசகன், அவ்வழகு அங்கே அருகிக் கிடப்பதைக் கண்டு, எழுதியோர்க்கு இயற்கையில் ஈடுபாடில்லை போலும் என்று எண்ணுதல் கூடும். அவ்வெண்ணம் சரியன்று என்பதைப் பச்சையின் பண்பே உணர்த்தும்.

முதலிற் சொல்லை நோக்குவோம். பசுமை, பசிய, பைங்கிளி, பாசி, பாசடை, பசப்பு, பசலை ஆகியன யாவும் ஒரே குடும்பத்துச் சொற்கள். இக்குடும்பத்தின் தலைமைச் சொல்லாகிய பச்சை, அன்றாட வழக்கிலே பெரும்பாலும் நிறத்தைக் குறிப்பதில்லை என்பது வியப்புக்குரியது. பச்சரிசி வெண்ணிறமானது. பச்சைத் தண்ணீருக்கு நிறமே இல்லை. பச்சைக் குழந்தை, பச்சையுடம்புக்காரி, பச்சைப் புண், பச்சைமட்கலம் என்னும் இவற்றுள் எதுவும் பச்சை நிறமுடையதன்று. இவை யாவற்றிலும் பச்சை என்பது ஒரு நிலையையே குறிக்கின்றது. அந்நிலை யாது? பச்சரிசிக்கு மறுதலை புழுங்கலரிசி. பச்சைத் தண்ணீருக்கு மறுதலை கொதித்தாறிய நீர். பச்சைமட்கலத்துக்கு மறுதலை சூளையிற் சுட்ட கலம். பச்சை விறகுக்கு மறுதலை வெயிலிற் காய்ந்த விறகு. எனவே பச்சைக்கு எதிர்ச்சொல் சிவப்புமன்று, கறுப்புமன்று. தீயும் வெப்பமும் பட்ட நிலையே அதன் எதிர்நிலை. இன்னும் தீண்டப்படாதது, இன்னும் முடிவுபெறாதது, இனி ஒன்று நிகழ இருப்பது எதுவோ அதுவே பச்சை.

அயல்மொழியாகிய சிங்களத்தோடு ஒப்பிடின் இவ்வேறுபாடு தெளிவாகும். சிங்களத்திற் ‘கொள’ என்னும் ஒரு சொல்லே இலையையும் பச்சை நிறத்தையும் குறிக்கின்றது. புல்லின் பசுமையை ‘நில்’ என்று நீலத்தின் பெயராற் சுட்டும் வழக்கும் அம்மொழியில் உண்டு. அங்கே நிறத்தின் பெயர் ஒரு பொருளைப் பற்றி நிற்கின்றது; தமிழிலோ அது ஒரு பருவத்தைப் பற்றி நிற்கின்றது. இலையைக் கண்டு நிறத்தை அறிந்தது ஒரு மொழி. இளமையைக் கண்டு நிறத்தை அறிந்தது மற்றொரு மொழி. இரு மொழியும் ஒரே மலைச்சாரலில் அருகருகே வழங்கி வருதலால், இவ்வொப்பீடு மலைநாட்டார்க்கு ஏட்டளவானதன்று.

முடிவுபெறாத நிலை என்பது குறைபாட்டையே குறிக்கும் என்று கொள்ளுதல் தவறு. கெடாத நிலையும் அதுவே. மாசுகலவாத பொன்னைப் பசும்பொன் என்பதும், இளமை குன்றாத மொழியைப் பைந்தமிழ் என்பதும் இதுபற்றியே. இப்பொருளின் உச்சத்தைச் சைவ மரபிற் காணலாம். மதுரையில் நிகழ்ந்த அனல்வாதத்திலே, திருஞானசம்பந்தர் திருநள்ளாற்றுத் திருப்பதிகம் எழுதிய ஏட்டைத் தீயிலிட, அது வேகாது பசுமையோடு விளங்கியதெனப் பெரியபுராணம் கூறும். அப்பதிகம் அதனாலேயே பச்சைத் திருப்பதிகம் எனப் பெயர்பெற்றது. பச்சைக்கு மறுதலை தீ என மேலே கண்டது இங்கே கதைவடிவில் நிற்கின்றது. தீயினுட் புகுந்தும் தீயின் வயப்படாமை அவ்வேட்டின் சிறப்பு. உலகியலிற் பச்சை தீக்கு முன்னுள்ள நிலை. அருளியலில் அது தீயைக் கடந்த நிலை. மதுரையில் எழுந்தருளியிருக்கும் மீனாட்சியம்மையின் பச்சைத் திருமேனியையும், திருமாலின் பசிய மேனியையும் போற்றும் மரபு இதனோடு இணைத்து எண்ணத்தக்கது. மலையாள நாட்டுக் கதகளியிலே நளன், தருமன், கண்ணன் முதலிய உயர்ந்த பாத்திரங்களின் முகத்திற் பச்சை தீட்டுவர். அவ்வேடத்தின் பெயரே பச்சை என்பது. ஒரு நிறம் ஆளுமையாகவே மேடையில் வந்து நிற்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

வளர்பச்சையும் அருட்பச்சையும் இவ்வாறிருக்க, மூன்றாவது பச்சையொன்றை அகத்துறைப் புலவர் கண்டனர். அதுவே பசலை. தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனியிற் படரும் நிறமாற்றத்தைப் புலவர் பொன்னுக்கும் பீர்க்கம்பூவுக்கும் ஒப்பிடுவர். ஆகவே அது மஞ்சள் சார்ந்த வெளிறிய நிறம் என்பது தெளிவு. ஆயினும் அதற்குப் பெயரிட நேர்ந்தபோது தமிழ், பசுமையின் வேரிலிருந்தே அப்பெயரைப் படைத்துக்கொண்டது. குறுந்தொகையின் 399ஆம் பாட்டிலே பரணர் காட்டும் உவமை இதற்கு நல்ல விளக்கம். ஊரார் நீருண்ணும் கேணியிற் படர்ந்த பாசியைப் போன்றது பசலை. காதலன் தொடுந்தோறும் விலகுகின்றது, விடுந்தோறும் மீண்டும் வந்து பரவுகின்றது என்பது அப்பாட்டின் கருத்து. பாசியும் பசலையும் ஒரே வேர்ச்சொல்லிற் பிறந்தவை என்பதை எண்ணும்போது, அவ்வுவமை புலவரின் கண்ணிலிருந்து மட்டுமன்று, மொழியின் உள்ளிருந்தும் எழுந்தது என்பது புலனாகும்.

திருவள்ளுவர் இப்பொருளுக்குப் ‘பசப்புறு பருவரல்’ என ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். 119ஆம் அதிகாரமாகிய அதனுள், விளக்கு அணையும் நேரத்தை எதிர்நோக்கியிருக்கும் இருளைப் போலப் பசப்பானது தழுவல் நெகிழும் நேரத்தை எதிர்நோக்கியிருக்கின்றது என்று தலைவி கூறுவதாக ஒரு குறள் அமைந்துள்ளது. இங்கே பசப்பு நோயின் அறிகுறியாக நின்றுவிடவில்லை. காலம் பார்த்திருக்கும் ஓர் ஆளாகவே அது உருப்பெறுகின்றது. தலைவி தலைவனுக்காகக் காத்திருக்கின்றாள். பசப்பு அவளுக்காகக் காத்திருக்கின்றது.

இவ்விடத்தே பச்சையின் பல பொருள்களையும் இணைக்கும் இழை வெளிப்படுகின்றது. தளிர் இலையாவதற்குக் காத்திருக்கின்றது. பச்சரிசி உலைக்குக் காத்திருக்கின்றது. பச்சைமட்கலம் சூளைக்குக் காத்திருக்கின்றது. பசந்த தலைவி வரவுக்குக் காத்திருக்கின்றாள். பச்சையின் அடிப்படைப் பண்பு காத்திருத்தல். காத்திருத்தலின் முடிவு நல்லதாயின் அது வளமாகத் தோன்றும்; முடிவு தள்ளிப்போகுமாயின் அதுவே நோயாகத் தோன்றும். வளமும் நோயும் ஒரே சொல்லிற் பிறந்தமைக்குக் காரணம் இதுவெனக் கொள்ளலாம்.

மேலைநாட்டார் பச்சையை ஆராய்ந்த முறை இதனின் வேறானது. செருமானியப் பெரும்புலவர் கதே 1810இல் வெளியிட்ட நிறக்கொள்கை நூலிலே, மஞ்சளும் நீலமும் சமமாகக் கலந்த பச்சையிற் கண்ணும் மனமும் அமைதியடைகின்றன என்றும், அதனைக் கடந்து செல்ல அவை விரும்புவதில்லை என்றும் கூறினார். நெடும்பொழுது தங்கும் அறைகளுக்குப் பச்சை ஏற்றது என்பது அவர் கருத்து. ஓவியர் கண்டின்ஸ்கி 1911இல் வெளியான தம் நூலில் அவ்வமைதியையே குறையாகக் கண்டார். தூய பச்சை அசைவற்றது, தன்னிலே தான் நிறைவு கொண்டது என்று கூறி, அதனை வசதிபடைத்த நடுத்தர வகுப்பாருக்கும், அசைபோட்டுக் கிடக்கும் கொழுத்த பசுவுக்கும் ஒப்பிட்டார். ஒருவர் புகழ்ந்தார், ஒருவர் இகழ்ந்தார். ஆயினும் பச்சை என்பது ஓய்வு என்பதில் இருவரும் உடன்படுகின்றனர்.

பௌதிகமும் இவ்வுடன்பாட்டுக்குத் துணைநிற்பது போலத் தோன்றும். பகலொளியில் மனிதக் கண் மிகக் கூர்மையாக உணர்வது 555 நனோமீற்றர் அளவிலுள்ள பசிய ஒளியையே. ஆனால் தாவரவியல் மற்றோர் உண்மையையும் கூறுகின்றது. இலையிலுள்ள பச்சையம் செவ்வொளியையும் நீலவொளியையும் பெரிதும் உட்கொண்டு உணவாக்கத்துக்குப் பயன்படுத்துகின்றது; பசிய ஒளியின் ஒரு பகுதியையே திருப்பி விடுகின்றது. கண்ணுக்குத் தெரியும் பச்சை இலை ஏற்ற ஒளியன்று. இலை விடுத்த ஒளி. காண்பவனுக்கு ஓய்வு தரும் அந்நிறத்துக்குப் பின்னால், இலையினுள்ளே ஓயாத உழைப்பு நடந்துகொண்டிருக்கின்றது. கதேயும் கண்டின்ஸ்கியும் கூறியது காண்பவனின் பச்சை. பச்சைக்குள் நிற்பவனின் பச்சை வேறு. இவ்விரண்டுக்குமுள்ள தொலைவை மலைநாட்டைப்போல் உணர்த்தும் இடம் பிறிதொன்றைக் காண்டல் அரிது.

கெகெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்னும் மலையாறுகள் ஒன்றுகூடிக் களனி கங்கையெனப் பெயர்பெறும் பகுதியில் அமைந்தது பொல்பிட்டிய. 1969இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையத்தால் அவ்வூர்ப்பெயர் நாடெங்கும் அறியப்பட்டது. இலங்கையில் மிக்க மழைபெறும் பகுதிகளுள் ஒன்றாகிய அச்சாரலிற் பச்சை என்பது ஒரு நிறமன்று. தென்னையின் பச்சை வேறு. கித்துளின் பச்சை வேறு. இறப்பரின் பச்சை வேறு. ஆற்றங்கரைக் காட்டின் கருமை கலந்த பச்சை வேறு. தேயிலையின் பச்சை வேறு. அங்கிருந்து நோட்டன், அற்றன் பக்கமாக மேலேறிச் செல்லச் செல்ல இப்பன்மை குறைகின்றது. காடு ஒதுங்குகின்றது. மலைக்கு மலை தேயிலையின் ஒரே பச்சை சீராகப் படிந்து கிடக்கின்றது. பயணிகள் புகழும் பச்சை அதுவே. இயற்கையின் பச்சை பலவாயிருக்க, மனிதர் ஆக்கிய பச்சை ஒன்றாயிருக்கின்றது என்பதை அவ்வழியின் ஏற்றமே காட்டிவிடும்.

தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு ஒரு பச்சைக்கும் மற்றொரு பச்சைக்கும் வேறுபாடு தோன்றாது என்பதற்கு அவ்வூரின் அண்மையிலேயே ஒரு சான்று உண்டு. டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தின் பெரும்பகுதி கித்துள்கலையிற் களனி கங்கைக் கரையிலே படமாக்கப்பட்டது. கதை நிகழ்ந்த இடமோ சயாம் நாடு. உலகெங்கும் அப்படத்தைக் கண்டோர் களனிக் கரையின் பசுமையைச் சயாமின் பசுமையென்றே கொண்டனர். அப்படம் யப்பானியரிடம் சிறைப்பட்ட ஆங்கிலப் படைவீரரின் கதை. உண்மையில் அச்சயாம் இரயிற்பாதை வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அவர்களுக்கு அக்கதையில் இடமில்லை. தோட்டத் தமிழர் வாழும் மலைகளிலிருந்து இறங்கிவரும் ஆற்றின் கரை, தோட்டத் தமிழர் மடிந்த நாட்டின் காடாக நடித்தது. இரு கரைத் தமிழரும் திரைக்கு வெளியே நின்றனர். பச்சை அழகாகக் காட்டும். அதே வேளையில் மூடி மறைக்கவும் செய்யும்.

இனித் தேயிலையின் பச்சைக்கு வருவோம். அது மலைக்கு இயல்பான நிறமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் காடழித்துக் கோப்பி பயிரிட்டனர். 1869இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பி இலையின் அடியிற் செம்மஞ்சட் புள்ளிகளாகத் தோன்றி, சில ஆண்டுகளில் அப்பயிர்த்தொழிலையே அழித்தது. ஒரு பெருஞ்செல்வம் இலையின் நிறமாற்றத்தால் மறைந்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, பின்னர் அவ்வெற்றிடங்களை நிரப்பியது. ஆகவே மலைநாட்டின் பச்சை ஒரு பச்சையை அழித்து, மற்றொரு பச்சை நோயுற்று ஒழிந்தபின் வந்த மூன்றாம் பச்சை.

அது காக்கப்படும் முறையும் நோக்கற்பாலது. தேயிலை இயல்பில் மரமாக வளர்வது. அதனை மரமாக விடுவதில்லை. சில ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்து வெட்டி இடுப்பளவிலே நிறுத்துகின்றனர். கவ்வாத்து வெட்டிய மலை பசுமையெல்லாம் இழந்து கிளைக்குச்சிகளாக நிற்கும். பின் மீண்டும் தளிர்க்கும். தளிர்த்த கொழுந்தை ஏறத்தாழ வாரத்துக்கொருமுறை கிள்ளுகின்றனர். முற்றவிடாமற் கிள்ளுவதாலேயே செடி மீண்டும் மீண்டும் துளிர்க்கின்றது. பரணர் கண்ட பாசி தொடத்தொட விலகி விடவிடப் பரவியது; தேயிலையோ கிள்ளக்கிள்ளத் தளிர்ப்பது. பூத்துக் காய்த்து மரமாதல் என்னும் இயல்பான முடிவு அதற்கு மறுக்கப்பட்டிருக்கின்றது. என்றும் இளமையிலேயே நிறுத்தி வைக்கப்பட்ட செடி அது. பச்சையின் பண்பு காத்திருத்தல் எனின், தேயிலையின் பச்சை முடிவில்லாத காத்திருத்தல்.

கிள்ளிய கொழுந்தைத் தோட்டத்தார் ‘பச்சைக் கொழுந்து’ என்பர். இங்கும் அச்சொல் நிறத்தினும் நிலையையே குறிக்கின்றது. மடுவத்தில் நிறுக்கப்பட்டுத் தொழிற்சாலைக்குச் செல்லும் பச்சைக் கொழுந்து, வாட்டப்பட்டு, அரைபட்டு, காற்றுப்பட்டுச் செம்புநிறமடைந்து, இறுதியில் வெப்பத்திற் காய்ந்து கருந்தூளாகின்றது. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தூள் கிடைக்கும். பச்சரிசிக்கும் பச்சைமட்கலத்துக்கும் நேர்வதே கொழுந்துக்கும் நேர்கின்றது. உலகம் பருகும் தேநீரிற் பச்சை இல்லை. அது மலையிலேயே நின்றுவிடுகின்றது, அங்குள்ள மக்களோடு.

இத்தகைய பச்சைக்கு நடுவே வாழ்ந்தோர் அதனை எவ்வாறு பாடுவர்? பயணியைப் போலப் பாட அவர்களால் இயலாது. கோகிலம் சுப்பையா தம் நாவலுக்கு இட்ட பெயரே இதற்கு முதற்சான்று. 1964இல் வெளிவந்த அந்நாவலின் பெயர் ‘தூரத்துப் பச்சை’. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது தமிழ்ப் பழமொழி. பழமொழியின் முற்பாதியை மட்டும் எடுத்து நூலுக்குப் பெயராக்கிப் பிற்பாதியாகிய குளிர்ச்சியை நீக்கிவிட்டமை ஆசிரியரின் நுண்மை. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கடல்கடந்து தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த மக்களின் வாழ்வை அந்நாவல் கூறுகின்றது. தேயிலைச் செடியின் அடியிலே தேங்காயும் மாசியும் விளையும் என்று ஆசைகாட்டி அவர்களை அழைத்து வந்தனர் என்பது மலைநாட்டிற் பரம்பரையாக வழங்கும் பேச்சு. தூரத்திற் கண்ட பச்சைக்கு அதுவே உரை. பொல்பிட்டிய என்னும் சிங்களப் பெயரிலே ‘பொல்’ என்பது தேங்காயையும் ‘பிட்டிய’ என்பது வெளியையும் குறிக்கும். ஊரின் பெயரிற் தேங்காய் இருந்தது. தேயிலையின் தூரிற் தேங்காய் இருக்கவில்லை.

தூரில் இருந்தது யாது என்பதற்கு சி. வி. வேலுப்பிள்ளை விடை கூறினார். 1947இற் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து முதலாவது நாடாளுமன்றத்துக்குத் தெரிவுசெய்யப்பட்டவரும், தோட்ட மக்களின் நாட்டார் பாடல்களைத் தொகுத்தவருமாகிய அவர், ஆங்கிலத்தில் இயற்றிய நெடுங்கவிதை சக்தீ பாலையாவின் தமிழாக்கத்திற் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என வழங்குகின்றது. தேயிலையின் அடியிலே மாண்டு மண்ணோடு மண்ணாகிப் போனவர்களை அக்கவிதை நினைவுகூர்கின்றது. அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை; அவர்கள்மேற் செழித்த செடிகளே உள. இவ்வெண்ணம் உள்ளத்திற் பதிந்தபின் செடியின் பசுமையை வெறும் பசுமையாகக் காண்டல் எவர்க்கும் அரிது. பசுமை அங்கே உரமானவர்களின் நினைவுச்சின்னமாகி விடுகின்றது.

என். எஸ். எம். இராமையாவின் புகழ்பெற்ற சிறுகதை ‘ஒரு கூடைக் கொழுந்து’. அப்பெயரே 1980இல் வெளிவந்த அவரது கதைத்தொகுதிக்கும் இடப்பட்டது. கோகிலம் சுப்பையாவின் பெயரிலே பச்சை தூரத்தில் நிற்கின்றது. இராமையாவின் பெயரிலே பச்சை கூடைக்குள் வந்துவிட்டது. கண்ணால் அளக்கப்படுவதன்று அது, தராசால் அளக்கப்படுவது. அவ்வளவைப் பொறுத்தது அன்றைய பேர், அன்றைய கூலி, அன்றைய மானம். முதுகில் எடையாகத் தொங்கும்போது பச்சை நிறமாயிருத்தலை விட்டுவிடுகின்றது. மலைநாட்டு எழுத்தில் இயற்கை வருணனை அருகியிருப்பதன் காரணம் இதுவே. அங்கே இயற்கை இல்லாமலில்லை. தொழிலாக மாறி நிற்கின்றது. கொழுந்தின் பதமும், மழைக்காலத்துக் கொழுந்தின் பெருக்கமும், முற்றல் இலையைக் கழித்தலும், மட்டக்கம்பின் நேர்மையும் அறிந்த கண்ணுக்கு மலையின் பச்சை பல எழுத்துகளாற் படிக்கப்படும் ஓர் ஏடு. அதனை அழகு என்று ஒரே சொல்லிற் கூறி முடிப்பவன் அவ்வேட்டின் அட்டையை மட்டும் கண்டவன்.

திணைமரபைக் கொண்டு நோக்கினும் இக்கருத்து வலியுறும். மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி. அதன் உரிப்பொருள் புணர்தல். அம்முறைப்படி மலைநாட்டு இலக்கியம் கூடலின் இலக்கியமாதல் வேண்டும். ஆனால் அது பெரிதும் பிரிவின் இலக்கியமாகவே இருக்கின்றது. முல்லையும் குறிஞ்சியும் தத்தம் இயல்பு திரிந்து நடுங்கும் துயரத்தைத் தருமாயின் பாலை என்னும் வடிவங் கொள்ளும் என்பது சிலப்பதிகாரத்தின் கருத்து. அத்திரிபுக்குக் காரணம் கோடை வெயில். மலைநாட்டிலோ வெயிலின்றியே, இடையறாத மழையின் நடுவே, குறிஞ்சி பாலையாகியது. மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்து வந்தவர்களுட் பலர் வழியிலேயே மாண்டனர். பாலைத்திணையின் சுரம் அவர்களுக்கு உவமையன்று. நடந்த வழியே அது. அவ்வழி வந்து அவர்கள் சேர்ந்த இடம் பச்சை மாறாத ஒரு பாலை. பச்சைப் பாலை என்னும் தொடர் முரண்போலத் தோன்றினும், மலைநாட்டு எழுத்தின் நிலத்தைக் குறிக்க அதனிற் பொருத்தமான பெயர் கிடைத்தல் அரிது. பசலையும் பாலைக்கு உரிய மெய்ப்பாடு அன்றோ? பசுமையும் பசலையும் ஒரே வேரின என்று மொழி அறிந்திருந்த உண்மையை இந்நிலம் வரலாற்றால் மெய்ப்பித்தது.

அவ்வரலாறும் காத்திருத்தலின் வரலாறே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. ‘தூரத்துப் பச்சை’ வெளிவந்த அதே 1964இல், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 150,000 பேரின் நிலையைப் பின்னர்த் தீர்ப்பதற்கு விட்டுவைத்தது. தாம் நட்ட பச்சையின் நடுவே நின்றுகொண்டே எந்நாட்டவர் என்று அறியாது காத்திருந்தவர் அவர்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே எஞ்சியோரின் நாடற்ற நிலைக்குப் பெரும்பாலும் முடிவு வந்தது. இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகளில் மலையின் பச்சை ஒரு நாளும் வாடவில்லை. காத்திருந்தவர்களின் கைகளே அதனை வாடாமற் காத்தன.

இவ்வாற்றான் நோக்கும்போது பச்சையின் ஆளுமை ஒருவாறு தெளிவுறுகின்றது. அது கதே கூறிய நிறைந்த அமைதியுமன்று. கண்டின்ஸ்கி கூறிய கொழுத்த மந்தமுமன்று. முடிவை நோக்கி நிற்கும் பொறுமையே அதன் உயிர். அப்பொறுமை தூரத்தில் நிற்போர்க்கு நிறைவாகத் தோன்றும். அண்மையில் நிற்போர்க்குப் பசியாகவும் தவமாகவும் தோன்றும். தீயிலிட்டும் வேகாத ஏட்டைச் சைவ மரபு போற்றியது. கூலியும் குடியுரிமையும் மறுக்கப்பட்ட தீயினூடே வந்தும், தம் மொழியையும் கூத்தையும் பாட்டையும் கோவிலையும் விடாது காத்த மக்களிடத்தும் அவ்வகைப் பசுமை ஒன்றுண்டு. அது மலைச்சரிவில் இல்லை. அவர்களின் எழுத்தில் இருக்கின்றது.

மலைநாட்டு இலக்கியத்தைத் திறனாய்வோர் இதனை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். ஒரு நூலிலே பச்சை எத்துணை அழகாகக் கூறப்பட்டது என்பது முதல் வினாவாதல் கூடாது. அப்பச்சை எத்துணைத் தொலைவிலிருந்து காணப்பட்டது என்பதே முதல் வினா. தொலைவைக் குறைத்துக் காட்டும் நூல், அழகைக் குறைத்துக் கூறினும், உண்மையை நிறைத்துக் கூறும். கொழுந்து பறிப்பவளின் கைக்கும் கொழுந்துக்கும் இடையிலுள்ள தூரமே மலைநாட்டில் மிகச் சிறிய தூரம். அவ்விடத்திலிருந்து எழுதப்பட்ட பச்சையே தமிழுக்குப் புதிது.